வரவில்லை என்று எழுதினேன்

சென்ற வாரம் சுருக்கெழுத்து வகுப்பில் நான் அடித்த கூத்துகளை எழுதியிருந்தேன். படித்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்ததாகப் பலர் சொன்னார்கள். அதே வகுப்புக்கு நேரத்தோடு போய்ச் சேர வேண்டும் என்பதற்காக ஒரு புதன்கிழமை நான் செய்த காரியத்தை மட்டும் அதில் எழுதவில்லை. மறதியால் விட்டதல்ல. இந்த வாரம் அதை எழுதிவிடுகிறேன். சிரிப்பதற்கு இதில் ஒன்றும் இல்லை.

மூன்றே முக்கால்

மருத்துவமனைக்குப் பின்புறம், சலவைக்கூடத்தை ஒட்டி ஒரு மரக் கட்டடம் இருந்தது. அதன் வாசலில் இடுப்பளவு அரைக்கதவு. கதவுக்கு உள்ளே நான் நின்றேன். வெளியே அஞ்சலை நின்றாள். அவள் கையைப் பிடித்துக்கொண்டு அவளுடைய ஒன்பது வயது மகள் தனம்.

மழை அப்போதுதான் விட்டிருந்தது. அஞ்சலையின் சேலை முழங்கால் வரை நனைந்து காலோடு ஒட்டியிருந்தது. தனத்தின் வெள்ளைக் கேன்வாஸ் சப்பாத்துகளை நனையாமல் முந்தானைக்குள் சுருட்டி வைத்திருந்தாள். ஓடி வந்தவள் தாய்; ஆனால் மூச்சு வாங்கியது மகளுக்கு.

"மிஸி, இந்த ஒரு தடவ மட்டும்" என்றாள். வெள்ளைச் சட்டை போட்ட பெண்கள் எல்லாரும் அவளுக்கு மிஸிதான். நான் தாதி இல்லை, மொழிபெயர்க்கவும் கார்டு எழுதவும் அமர்த்தப்பட்ட குமாஸ்தா என்று எத்தனை முறை சொன்னாலும் அவள் அப்படித்தான் கூப்பிடுவாள்.

"மணி என்ன பாத்தீங்களா? மூன்றரைக்கே மூடியாச்சு."

"எசமானி வீட்ல விருந்து, மிஸி. பிங்கானெல்லாம் கழுவாம வெளிய விடமாட்டேன்னுட்டாங்க. ஓட்டமும் நடையுமா வர்றேன்."

"உங்க முறை போச்சு. அடுத்த மாசம் வாங்க."

"போன தடவயும் இதத்தான சொன்னீங்க? பாப்பாவுக்கு ராத்திரியில இளைக்குது. உள்ள சொல்லிப் பாருங்களேன்."

உள்ளே ஊசி போடும் தாதி சிஸ்டர் லிம் இன்னும் கிளம்பவில்லை. கண்ணாடிச் சிரிஞ்சுகளைத் தட்டில் அடுக்கும் சத்தம் எனக்குக் கேட்டது. நான் ஒரு குரல் கொடுத்திருந்தால் அந்த அம்மாள் திட்டிக்கொண்டே திரும்பவும் அடுப்பில் தண்ணீர் வைத்திருப்பார். ஊசியைக் கொதிக்கவைத்து, மருந்தைக் கரைத்து, போட்டு முடிக்க அரை மணி நேரமாவது ஆகும். அதுவரை கார்டோடு நானும் நிற்க வேண்டும். நாலரைக்கு எனக்குச் சுருக்கெழுத்து வகுப்பு. அன்றைக்குப் பரீட்சை.

நான் குரல் கொடுக்கவில்லை.

"ஊசி இல்லையாம்மா?" என்று தனம் கேட்டாள். அவள் முகம் எப்படி மலர்ந்தது என்று சொல்ல வேண்டும். அந்த மருந்து சுண்ணாம்புக் குழம்பு மாதிரி கெட்டியாக இருக்கும். தடித்த ஊசி. போட்டால் இரண்டு நாள் உட்கார முடியாது. தப்பித்தோம் என்ற சந்தோஷத்தில் அந்தப் பிள்ளை எனக்கு டாட்டா காட்டிவிட்டுப் போனாள்.

நான் கார்டை எடுத்து அன்றைய கட்டத்தில் சிவப்பு மையால் ஒரு வட்டம் போட்டேன்.

சங்கிலிக் கிருமி

அந்தக் கட்டடத்தில் என்ன நடந்தது என்று சொல்லிவிட்டு மேலே போகிறேன்.

டாக்டர் பாக்கியநாதன் என்று அவரைக் குறிப்பிடுகிறேன். உண்மைப் பெயர் வேறு. சிங்கப்பூரிலேயே பிறந்து, இங்கேயும் பிறகு இங்கிலாந்திலும் படித்தவர். ஒல்லியான, உயரமான மனிதர். மதியம் இரண்டு துண்டு ரொட்டியும் ஒரு வாழைப்பழமும்தான் சாப்பாடு. அவருடைய ஆராய்ச்சி முழுவதும் ஒரே ஒரு கிருமியைப் பற்றியது: ஸ்ட்ரெப்டோகாக்கஸ்.

வேலைக்குச் சேர்ந்த முதல் வாரமே என்னை நுண்ணோக்கி முன்னால் உட்கார வைத்து, "பார், ஸ்டெல்லா" என்றார். பார்த்தேன். சிராங்கூன் ரோட்டுப் பூக்கடையில் தொங்கும் சரம் மாதிரி சின்னச் சின்ன உருண்டைகள், ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு வரிசையாக நின்றன.

"அழகா இருக்குல்ல? முதல்ல தொண்டை வலியா வரும். நாலு நாள்ல போயிடும். அம்மாக்காரி மறந்துருவா. மூணு வாரம் கழிச்சு முழங்கால் வீங்கும், கணுக்கால் வீங்கும். அதுவும் போயிடும். ஆனா நெஞ்சுல போய் உக்காந்துக்கும். ஒவ்வொரு தடவ தொண்டை வலி வரும்போதும் இதயத்துக்குள்ள இருக்கிற வால்வைக் கொஞ்சம் கொஞ்சமா கெடுத்துடும்."

பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாகப் போய்ப் பிள்ளைகளின் தொண்டையில் பஞ்சுக் குச்சியை விட்டு எடுத்து வருவோம். பிள்ளைகள் ஓங்கரிப்பார்கள், என் சட்டையில் வாந்தியும் எடுப்பார்கள். குச்சியை ரத்தம் கலந்த கூழ்த்தட்டில் தடவி வைத்தால் மறுநாள் காலையில் கிருமி வளர்ந்திருக்கும். அது இருக்கும் இடத்தைச் சுற்றி ரத்தம் கரைந்து கண்ணாடி மாதிரி தெளிந்த ஒரு வளையம் தெரியும். அந்த அறைக்கு மட்டும் ஒரு நாற்றம் உண்டு, வெயிலில் வைத்த ஈரல் மாதிரி. சனிக்கிழமை பாவசங்கீர்த்தனத்துக்குப் போனால்கூட அந்த நாற்றம் என் கூந்தலில் இருப்பதாக எனக்குத் தோன்றும்.

"இந்த நோய் குளிர் தேசத்து நோய், சூடான ஊர்ல கிடையாதுன்னு புத்தகத்துல எழுதி வச்சிருக்கான்" என்று டாக்டர் அடிக்கடி சொல்வார். "கிடையாதாமே! வார்டுல வந்து பார்க்கச் சொல்லு. தேக்கால, சைனா டவுன்ல, மலாய்க்காரங்க கம்பத்துல, எங்க பார்த்தாலும் இருக்கு. எழுத ஆள் இல்ல, அவ்வளவுதான். நான் எழுதறேன்."

அவரை நான் மதித்தேன். இன்றும் மதிக்கிறேன். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இனிமேல் வருவதைப் படித்தால் நீங்கள் நம்பமாட்டீர்கள்.

கன்ஃபர்ம்

ஒருமுறை இதயம் கெட்ட பிள்ளைகளுக்கு மறுபடியும் தொண்டை நோய் வராமல் தடுக்க, நான்கு வாரத்துக்கு ஒரு பெனிசிலின் ஊசி. டாக்டரின் ஆராய்ச்சியின் உயிர்நாடி அதுதான். ஊசி ஒழுங்காகப் போட்ட பிள்ளைகளுக்கு நோய் திரும்புகிறதா, போடாத பிள்ளைகளுக்குத் திரும்புகிறதா என்று பார்க்க வேண்டும். ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு புதன்கிழமை. மற்றப் புதன்கள் மற்றவர்களுக்கு.

இரண்டு மணி முதல் மூன்றரை வரை. தவறினால் அந்த மாதம் அவ்வளவுதான். "ஒருத்தருக்கு விட்டுக் கொடுத்தா எல்லாரும் கேப்பாங்க. அப்புறம் தேதி எல்லாம் கலைஞ்சு போயிடும், கணக்கு நிக்காது" என்பது டாக்டரின் சட்டம். அரைக்கதவில் நின்று அந்தச் சட்டத்தைக் காத்தவள் நான்.

காப்பதற்கு எனக்கு ஒரு காரணமும் இருந்தது.

என் அப்பா துறைமுகத்தில் கணக்கெழுதும் தினக்கூலிக் கிராணியாக இருந்தார். பத்தொன்பது வருஷம் தினக்கூலி. "அடுத்த வருஷம் கன்ஃபர்ம் பண்ணிருவாங்க" என்று சொல்லிச் சொல்லியே செத்துப்போனார். அதனால் எங்கள் வீட்டில் அந்தச் சொல்லை உச்சரிக்கும்போது அம்மா நெற்றியில் சிலுவை போட்டுக்கொள்வாள். எனக்கு ஒரு தம்பியும் இரண்டு தங்கைகளும். நான் அப்போது தற்காலிகம். டாக்டர் ஒரு கடிதம் எழுதினால் நிரந்தரம். சுருக்கெழுத்துத் தேறினால் அந்தக் கடிதம் சுலபமாக வரும்.

கார்டில் இரண்டே குறிகள்தான். ஊசி போட்டால் நீல டிக். போடாவிட்டால் சிவப்பு வட்டம். அதற்கு 'வரவில்லை' என்று பொருள். வந்து, அரைக்கதவில் நின்று, கெஞ்சி, திரும்பிப் போனவர்களுக்கு என்று ஒரு குறி இல்லை. அப்படி ஒரு குறி வேண்டும் என்று எனக்குத் தோன்றவும் இல்லை.

அஞ்சலையின் கார்டில் இது மூன்றாவது வட்டம். முதல் தடவை இருபது நிமிஷம் தாமதம். சட்டம் சொல்லி அனுப்பினேன். இரண்டாவது தடவை ரோச்சோர் கால்வாய் பொங்கி, தேக்காவே தண்ணீரில் நின்றது. பிள்ளையை இடுப்பில் தூக்கிக்கொண்டு நாலு மணிக்கு வந்தாள். சிஸ்டர் லிம் உண்மையிலேயே போய்விட்டிருந்தார். மூன்றாவது தடவையைத்தான் மேலே சொன்னேன்.

பரீட்சையில் தேறினேன். அதையும் சொல்லிவிட வேண்டும்.

வார்டு

மலாயாவோடு சேரலாமா வேண்டாமா என்று காப்பிக்கடைகளில் சண்டை நடந்துகொண்டிருந்த காலம். தைப்பூசத்துக்குச் சில நாள் முன்னால் பிள்ளைகள் வார்டிலிருந்து எனக்கு அழைப்பு வந்தது. தமிழ் பேச ஆள் வேண்டுமாம்.

போனேன். நாலைந்து தலையணைகளை முதுகுக்குக் கொடுத்துத் தனத்தை உட்கார வைத்திருந்தார்கள். படுத்தால் மூச்சு முட்டும் நிலை. கழுத்து நரம்பு துடிப்பது கட்டில் காலருகில் நின்ற எனக்கே தெரிந்தது. என்னைப் பார்த்ததும் ஊசி போடத்தான் வந்திருக்கிறேன் என்று நினைத்து, கையைப் போர்வைக்குள் இழுத்துக்கொண்டாள்.

கட்டிலின் ஒரு பக்கம் அஞ்சலை. மறுபக்கம் அவள் கணவர் வீராசாமி. நகரசபையில் கால்வாய் சுத்தம் செய்யும் வேலை. வேலை உடுப்போடு அப்படியே வந்திருந்தார். அதிகம் பேசாத மனிதர். நடுவில், அப்போதுதான் படிப்பை முடித்து வந்திருந்த ஓர் இளம் சீன டாக்டர். இரவெல்லாம் தூங்காத கண்கள். கையில் எங்கள் கார்டு.

அவர் ஆங்கிலத்தில் சொல்லச் சொல்ல நான் தமிழில் சொல்ல வேண்டும்.

"இதயம் ரொம்ப மோசமாயிருச்சாம். திரும்பவும் தொண்டை நோய் வந்திருக்காம்."

வீராசாமி தலையை ஆட்டினார்.

டாக்டர் கார்டைத் தட்டிக் காட்டி வேகமாகச் சொன்னார். நான் ஒரு கணம் நின்றேன். "ம், சொல்" என்று என்னைப் பார்த்தார்.

சொன்னேன். "மூணு ஊசி தவறிப் போச்சுங்க. உங்க வீட்டுக்காரம்மா பிள்ளையக் கூட்டிட்டு வரல. வந்திருந்தா இந்த அளவுக்கு வந்திருக்காதுன்னு டாக்டர் சொல்றாரு."

அஞ்சலை சட்டென்று எழுந்தாள். "யாரு வரல? நான் வந்தேனே! மிஸி, நீங்கதான அங்க நின்னீங்க? சொல்லுங்க மிஸி. நான் வந்தேன்ல?"

வார்டில் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"கார்டுல அப்படித்தாங்க இருக்கு" என்றேன்.

"என்ன சொல்கிறாள்?" என்று அந்த டாக்டர் கேட்டார்.

என் வாழ்நாளில் நான் எத்தனையோ ஆயிரம் வாக்கியங்களை மொழிபெயர்த்திருக்கிறேன். எதிலும் பொய் கலந்ததில்லை என்று பெருமையாகச் சொல்லிக்கொள்வேன். இந்த ஒரு வாக்கியத்தைத் தவிர.

"இனிமேல் தவறாமல் வருவதாகச் சொல்கிறாள்" என்று ஆங்கிலத்தில் சொன்னேன்.

டாக்டர் கார்டைக் கட்டிலின் கால்மாட்டில் மாட்டிவிட்டு அடுத்த பிள்ளையிடம் போனார். வீராசாமி அந்தக் கார்டைக் கையில் எடுத்தார். அவருக்கு ஆங்கிலம் தெரியாது. தமிழ் வாசிப்பார். ஆனால் சிவப்பு வட்டத்தைப் புரிந்துகொள்ள எந்த மொழியும் தேவையில்லை. நீல டிக்குகளுக்குப் பிறகு மூன்று வட்டங்கள். ஒவ்வொன்றையும் கட்டைவிரலால் தொட்டுப் பார்த்தார்.

பிறகு மனைவியைப் பார்த்து, பிள்ளை காதில் விழாத மாதிரி தாழ்ந்த குரலில் கேட்டார்.

"ஆஸ்பத்திரிக்குப் போறேன்னு சொல்லிட்டுத்தான் மூணு தடவயும் கெளம்புன. எங்க போன?"

அஞ்சலை என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். கோபமாகப் பார்த்திருந்தால் தாங்கியிருப்பேன். அவள் காத்துக்கொண்டிருந்தாள். நான் வாயைத் திறப்பேன் என்று இன்னும் நம்பிக்கொண்டிருந்தாள்.

நான் தரையைப் பார்த்துக்கொண்டு வெளியே வந்துவிட்டேன்.

தைப்பூசத்துக்கு முதல் நாள் விடியற்காலை தனம் இறந்துபோனாள். அன்று மதியம் சிராங்கூன் ரோட்டில் காவடிக்கு மயிலிறகு விற்றுக்கொண்டிருந்தார்கள். அந்தக் கூட்டத்துக்குள் புகுந்துதான் நான் பேருந்துக்கு நடந்தேன்.

ஒரே ஒரு சொல்

அடுத்த வருஷம் டாக்டரின் கட்டுரை தயாரானது. கையெழுத்துப் பிரதியைத் தட்டச்சு செய்யும் வேலை எனக்கு. நல்ல கட்டுரை. சூடான நாடுகளில் இந்த நோய் இல்லை என்று சொன்னவர்களுக்கெல்லாம் அதில் பதில் இருந்தது. பக்கத்துக்குப் பக்கம் எனக்கே பெருமையாக இருந்தது, கடைசிக்கு முந்தின பக்கம் வரும்வரை.

அங்கே ஊசி தவறிய பிள்ளைகளைப் பற்றி ஒரு பத்தி. சிகிச்சை பலன் தராமல் போனதற்கு மருந்து காரணமல்ல. ஏழைத் தாய்மார்களின், குறிப்பாகத் தமிழ்த் தொழிலாளர் குடும்பத் தாய்மார்களின், அலட்சியமே காரணம் என்று எழுதியிருந்தார். உதாரணத்துக்கு ஒரு பிள்ளை. பெயர் இல்லை. ஒன்பது வயதுச் சிறுமி, அடுத்தடுத்து மூன்று ஊசிகளுக்குத் தாய் கொண்டுவரவில்லை, மரணம்.

தட்டச்சு இயந்திரத்தில் காகிதம் அப்படியே நிற்க, கையெழுத்துப் பிரதியில் அந்தத் தாளை மட்டும் எடுத்துக்கொண்டு அவர் அறைக்குப் போனேன்.

"டாக்டர், இந்த அம்மா வந்தாங்க."

"எந்த அம்மா?"

"இந்த உதாரணம். மூணு தடவையும் வந்தாங்க. லேட்டா வந்ததால நான்தான் திருப்பி அனுப்பினேன்."

அவர் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். "கார்டுல இல்லையே."

"கார்டுல அதுக்கு இடம் இல்ல டாக்டர்."

"இந்த மாதிரி திருப்பி அனுப்பினது எத்தனை பேர்?"

"தெரியல."

"பத்தா? நாப்பதா?"

"எழுதி வைக்கல டாக்டர்."

சலவைக்கூடத்துப் பக்கமிருந்து ஆவி சீறும் சத்தம் வந்துகொண்டிருந்தது.

"ஸ்டெல்லா, எழுதி வைக்காதது நடக்கல. ஆராய்ச்சியில அதுதான் விதி. நீ இப்ப ஞாபகத்துலேர்ந்து சொல்றத வச்சு நான் ஒரு கார்டை மாத்தினா, மத்த கார்டை எல்லாம் எவன் நம்புவான்? அஞ்சு வருஷ வேலைலா இது. இந்த நோய் இங்க இருக்குன்னு உலகம் ஒத்துக்கணும். ஒத்துக்கிட்டாத்தான் மருந்துக்கு அரசாங்கம் வழி பண்ணும். நாளைக்கு எத்தனை பிள்ளை பொழைக்கும், யோசிச்சுப் பார்."

"அந்த அம்மா மேல பழி விழுதே டாக்டர்."

"பேர் போடலையே. யாருக்குத் தெரியப் போவுது?" பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டார். மிரட்டவில்லை, உண்மையிலேயே கவலைப்பட்டார். "நீ சொல்றத நான் மேலிடத்துக்கு எழுதினேன்னு வச்சுக்கோ. கார்டுல தப்பா எழுதினது யாருன்னு கேப்பாங்க. உன் கன்ஃபர்மேஷன் லெட்டர் இந்த மாசம்தான் போகுது."

அவர் என் கையிலிருந்த தாளை வாங்கி, பேனாவைத் திறந்து, 'அலட்சியம்' என்ற ஆங்கிலச் சொல்லை அடித்துவிட்டு மேலே 'ஒத்துழைப்பின்மை' என்று எழுதினார்.

"இப்ப சரிதானே?" என்றார்.

ஐந்து வருஷ உழைப்பிலிருந்து அஞ்சலைக்கு அவர் எடுத்துக் கொடுத்தது அந்த ஒரு சொல்.

நான் போய்த் தட்டச்சு செய்தேன். பிழையில்லாமல் செய்தேன். அடுத்த மாதம் எனக்குக் கன்ஃபர்ம் ஆனது. அம்மா மாதாவுக்கு மெழுகுவர்த்தி ஏற்றினாள்.

கட்டுரை வெளிநாட்டுச் சஞ்சிகையில் வந்தது. டாக்டர் பெரிய மாநாட்டுக்கெல்லாம் போய்ப் படித்தார். அவர் சொன்ன மாதிரியே மருந்துக்கு வழி பிறந்தது. பிள்ளைகள் பிழைத்தார்கள், பொய்யில்லை. புதன்கிழமை விதியும் ஒருநாள் தானாகவே போய்விட்டது. எந்த நாள் வந்தாலும் ஊசி என்று புதிதாக வந்த ஒரு டாக்டர் ஒரே வரியில் மாற்றிவிட்டார். அவ்வளவு சுலபமான காரியம்தான் அது. கட்டுரை மட்டும் இன்றும் நூலகத்தில் இருக்கிறது. அதைப் பார்த்து எழுதிய வேறு கட்டுரைகளில் 'ஒத்துழைக்காத தாய்மார்கள்' என்ற சொற்றொடரை நானே இரண்டு மூன்று இடத்தில் படித்திருக்கிறேன்.

டாக்டர் இப்போது இல்லை.

புக்கிட் மேரா

தனம் இறந்து ஐந்தாறு வருஷம் ஆகியிருந்தது; பையன்களைத் தேசிய சேவை என்று ராணுவத்துக்கு அழைக்க ஆரம்பித்திருந்த சமயம். எனக்குக் கல்யாணமாகி, கைப்பிள்ளையும் இருந்தது. ஒரு காலை தேக்கா சந்தையில் அஞ்சலையைப் பார்த்தேன். தலை பாதி நரைத்திருந்தது. என்னைத் தாண்டிப் போனாள். தெரியாமல் போகவில்லை, தெரிந்துதான் போனாள்.

கீரைக்காரப் பெண்மணி அவளுக்குப் பழைய லயன் வரிசை வீடுகளில் பக்கத்து வீடு. "அது யாருங்க?" என்று தெரியாத மாதிரி கேட்டேன்.

"அஞ்சலைங்க. லயன இடிச்சப்புறம் புக்கிட் மேராவுல ஒரு ரூம் பிளாட் குடுத்திருக்காங்க. பாவம், பொண்ணு போயிருச்சு. அது போனதுலேர்ந்து அந்தாளு இவ கையால சாப்பிடறதில்ல. ஒரே வீட்டுல ரெண்டு சட்டி. அவரு பொங்கி அவரு சாப்பிடுவாரு."

"ஏன்?"

"புள்ளய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போறேன்னு எங்கயோ சுத்தப் போயிட்டாளாம். ஆஸ்பத்திரியிலயே எழுதி வச்சிருக்காம்லா. எழுதி வச்சத இல்லேன்னு சொல்ல முடியுங்களா?"

கையில் எடுத்த கீரைக்கட்டை வைத்துவிட்டு வீட்டுக்கு வந்தேன். மறுநாள் வேலைக்குப் போகவில்லை. பிள்ளையை அம்மாவிடம் விட்டுவிட்டு, தமிழில் ஒரு கடிதம் எழுதினேன். நாலு வரி எழுத அரை நாள் பிடித்தது. சாயங்காலம் புக்கிட் மேராவுக்குப் பேருந்து ஏறினேன்.

ஏழாவது மாடி. புதுச் சுண்ணாம்பு வாசனை போகாத நடைபாதை. கதவு திறந்திருந்தது. வீராசாமி தரையில் உட்கார்ந்து சட்டைப் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தார். அஞ்சலை அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். வா என்று சொல்லவில்லை. உட்கார் என்று சொல்லவில்லை. நானே உள்ளே போய் நின்றேன்.

"ஒரு விஷயம் சொல்லணும்" என்று ஆரம்பித்தேன்.

"எழுதிக் கொண்டாந்திருக்கீங்களா?" என்று கேட்டாள். என் கையிலிருந்த காகிதத்தை அதற்குள் பார்த்திருந்தாள்.

"ஆமா. நான் படிக்கட்டுங்களா?"

"நீங்க படிக்க வேணாம். நீங்க சொன்னது போதும் ஒரு தடவ. அவரு படிக்கட்டும்."

வீராசாமி என்னையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார். காகிதத்தை வாங்கி, வெளிச்சத்துக்காக வாசல் பக்கம் திரும்பிக்கொண்டு, விரலை வைத்து எழுத்துக் கூட்டிப் படித்தார்.

"தனத்துக்கு… ஊசி தவறிய மூன்று புதன்கிழமையும்… அஞ்சலை தன் மகளை… அழைத்துக்கொண்டு வந்தார்."

அதோடு நிறுத்திவிட்டார். விரல் அதே இடத்தில் நின்றது.

"முழுசாப் படிங்க" என்றாள் அஞ்சலை.

"தாமதம் என்று சொல்லி… திருப்பி அனுப்பியவள் நான். வரவில்லை என்று… கார்டில் எழுதியவளும் நான். அஞ்சலை… வேறு எங்கும் போகவில்லை."

கீழே விளையாடும் பிள்ளைகளின் சத்தம் ஏழு மாடி ஏறி வந்துகொண்டிருந்தது.

"அன்னைக்கே ஏன் சொல்லல?" என்று வீராசாமி கேட்டார். குரல் உயரவில்லை.

"பயந்துட்டேங்க."

"எதுக்கு?"

"வேலை போயிரும்னு."

அவர் காகிதத்தை நாலாக மடித்தார். சட்டைப் பையில் வைக்கப் போனவர், அந்தச் சட்டையைத்தான் தைத்துக்கொண்டிருந்தோம் என்பது நினைவு வந்ததுபோல நிறுத்தி, மடியில் வைத்துக்கொண்டார். நான் அழுதேன். யாரும் என்னைக் கவனிக்கவில்லை.

கடைசியில் மனைவியின் முகத்தைப் பார்க்காமல் அடுப்படிப் பக்கம் பார்த்துக் கேட்டார்.

"சோறு இருக்கா?"

அஞ்சலை அவரை நேராகப் பார்த்தாள். அவள் கண்ணில் தண்ணீர் இல்லை.

"இல்ல. இத்தன வருசமா நீங்கதான பொங்குனீங்க? இன்னைக்கும் நீங்களே பொங்கிக்கங்க."

பிறகு வாசலுக்கு வந்து, காற்றில் மூடிக்கொள்ளப் பார்த்த கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நான் வெளியேறும்வரை அப்படியே நின்றாள்.